கிளாரினெட்டுக்கு ஒரு சுற்று

மடியில் படுக்க வைத்திருக்கிறான், எடுக்கக் காணோம். தூங்குகிற பிள்ளையை எழுப்ப வேண்டாம் என்கிற மாதிரி அந்தக் கறுப்புக் குழாயை மடியில் குறுக்கே போட்டு, அதன்மேல் ரெண்டு கையையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான் அல்போன்ஸ், சுற்றி நாலு பேர் ஊரையே கூட்டுகிற மாதிரி வாசித்துக்கொண்டிருக்க, இவன் மட்டும் பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவன் போல. அமலோற்பவம் முந்தானையை இழுத்துக் கழுத்தைச் சுற்றிப் போர்த்திக்கொண்டாள். என்ன குளிர், என்ன குளிர், இந்த மெட்ராஸ்காரர்கள் பாட்டுக் கேட்க வருகிறார்களா, கெட்டுப்போகாமல் இருக்க வருகிறார்களா, தூத்துக்குடியில் அண்ணன் சவரியின் ஐஸ் கம்பெனிக்குள்கூட இப்படி விறைக்காது. ஐயோ, ஐஸ் கம்பெனியை இப்போது நினைக்கக் கூடாது என்றல்லவா ரயில் ஏறும்போதே முடிவு செய்தாள். நினைக்கக் கூடாது என்றால் அதுதான் முதலில் வந்து உட்காருகிறது. அங்கே ஒரு நாற்காலி காலியாக இருக்கிறது, ஜன்னல் பக்கம், கடல் காற்று வரும், அல்போன்ஸ் வந்தால் அவன்தான் அதில், கணக்குப் பார்க்க வேண்டியது, மத்தியானம் வீட்டுக்கு வந்து சூடாகச் சாப்பிட வேண்டியது. போன வாரம் போனில் அவனே சொன்னான், "கோஷி சார் கறாராச் சொல்லிட்டாரும்மா. நம்ம குழுவுல ஊதுறதுக்கு ஒரு ஆளு போதும், சாக்ஸபோனா கிளாரினெட்டான்னு சனிக்கிழமைக் கச்சேரியில பாத்துட்டு முடிவு பண்றேன்னாரு. சரிப்படலைன்னா மாமா கம்பெனிக்கே வந்துருதேன். போதுமா?" அந்தப் போதுமாவில்தான் அவள் மனசு முள்ளில் சேலை மாட்டின மாதிரி மாட்டிக்கொண்டு கிடக்கிறது. போதுமா என்று எதற்காகக் கேட்டான், நான் எப்போதாவது வாயைத் திறந்து வா என்று சொன்னேனா, சொல்லவில்லை, நான் அந்தோனியாரிடம் மட்டும்தானே சொன்னேன், அதுவும் மெதுவாக.

மேடையில் குடுமி வைத்த பையன் எழுந்து நின்றான். அவன்தான் சாக்ஸபோன், ரோஹனாம் பேர், பார்த்தால் கோயில் குருக்கள் மாதிரிக் குடுமி, கையிலோ வெண்கலக் கடையில் தொங்குகிற மாதிரி அத்தனை பளபளப்பு. அவன் ஊதத் தொடங்கியதும் அமலோற்பவத்துக்கு முன்பல் கூசியது. நல்லாத்தான் வாசிக்கிறான், இல்லையென்று சொல்லக் கூடாது, யாரோ பெற்ற பிள்ளை, அவனைப் பெற்றவளும் எங்கேயோ விளக்கேற்றி வைத்துவிட்டு உட்கார்ந்திருப்பாள். ஆனால் என்ன சத்தம், எதிர்வீட்டுக்காரியோடு சண்டைக்குப் போகிற சத்தம். காலையில் மகள் டெல்பின் வீட்டில் தோசை தின்றுகொண்டே அல்போன்ஸ் இதன் கதையெல்லாம் சொன்னான். ஒரு காலத்தில் இந்த ஜாஸில் கிளாரினெட்தான் ராசாவாம். அமெரிக்காவில் கிளாரினெட்காரன் நடுவில் நிற்பானாம், பின்னால் ஒரு பட்டாளமே வாசிக்குமாம், சனங்கள் ஜோடி ஜோடியாக ஆடுவார்களாம். சாக்ஸபோன் அப்போது ஓரத்தில் கூட்டத்தோடு கூட்டமாக உட்கார்ந்திருந்ததாம். தடித்த குரல், எத்தனை இரைச்சலிலும் கேட்கும், கொஞ்சம் கொஞ்சமாக அது நடுவுக்கு வர, கிளாரினெட் ஓரத்துக்குப் போய்விட்டதாம். "இது நம்ம ரோசலின் வீட்டுக் கதையில்லா" என்றாள் இவள். "சின்ன மருமக வந்த ஒரே வருசத்துல பெரியவ கையிலருந்து சாவி போயிட்டுல்லா, அவ வாய் அப்படி." அல்போன்ஸ் தலையில் கை வைத்துக்கொண்டான். "எம்மா, நான் சங்கீத சரித்திரம் சொல்லிக்கிட்டிருக்கேன்." "சரித்திரம்னா என்னல, யாரு வீட்டுலயோ நடந்ததுதானே." டெல்பின் சட்டினிக் கரண்டியோடு சிரித்த சிரிப்பில் அடுப்பில் தோசை கருகிவிட்டது. அப்புறம்தான் இவள் கேட்டாள், கேட்டிருக்க வேண்டாம், "அப்படின்னா நீயும் அந்த வளைஞ்சதையே வாங்கி ஊதிரேன், ஏன் போக்கத்ததைக் கட்டிக்கிட்டு அழுத?" அவன் கோபப்படவில்லை. தோசைத் துண்டைச் சட்டினியில் தோய்த்துக்கொண்டே, "அதுல பேசலாம்மா, இதுலதான் முணுமுணுக்க முடியும்" என்றான். முணுமுணுக்க ஒரு குழாய் வேண்டுமா என்று அப்போது நினைத்தாள். முணுமுணுப்பதென்றால் அவளுக்கு இப்போதும் தொண்டைக்குள் ஓடிக்கொண்டேதான் இருக்கிறது, கைப்பைக்குள் விரல் செபமாலையில் ஐந்தாவது மணியிலோ ஆறாவதிலோ நிற்கிறது.

படபடவென்று கைதட்டல். முடிந்துவிட்டது! அல்போன்ஸ் வாசிக்காமலேயே முடித்துவிட்டார்கள்! அமலோற்பவம் குனிந்து காலால் செருப்பைத் துழாவினாள், இது சந்தோஷமா வருத்தமா என்று பார்ப்பதற்குள் டெல்பின் கையைப் பிடித்தாள். "எங்கம்மா கிளம்புத? பாட்டு ஓடிக்கிட்டுல்லா இருக்கு." "கைதட்டுறாகளேட்டி." "அது சாக்ஸபோனுக்கு. அவரு முறை முடிஞ்சுது." "நடுவுலயேயா? பூசை நடுவுல சாமியாருக்குக் கைதட்டுன மாதிரில்லா இருக்கு." பக்கத்து சீட்டுப் பெரியவர் இதைக் கேட்டுச் சிரித்தார். நெற்றியில் ஒற்றைத் திருமண், மடியில் மடித்த சால்வை, நரசிம்மன் என்று வந்தவுடனே பேரைச் சொல்லிக்கொண்டவர். "ஒவ்வொருத்தருக்கும் ஒரு சுற்று உண்டும்மா. நம்ம தனி ஆவர்த்தனம் மாதிரி, ஆனா இங்கே எல்லாருக்கும் தனி" என்றார். "நீங்க இது நிறையக் கேட்டிருக்கீகளோ?" என்று கேட்டாள். அவர் குரலைத் தாழ்த்தினார். "இல்லே. மாப்பிள்ளை பாஸ் குடுத்தார், வீணாப் போயிடுமேன்னு வந்தேன்." சொல்லிவிட்டுத் தொடையில் தாளம் போடத் தொடங்கினார், தட்டு, விரல், விரல், விரல், தட்டு, திருப்பு. முகத்தில் ஈயாடவில்லை. "கணக்கு எட்டுதான். ஆனா விழ வேண்டிய இடத்துல ஒண்ணும் விழ மாட்டேங்கறது. எல்லாம் ஒரு முடி அளவு தள்ளியே விழறது. வேணும்னே பண்றா" என்றார், வீட்டுக் குழாயில் தண்ணீர் சரியாக வரவில்லை என்று புகார் சொல்கிற குரலில். "அதோ மடியில வச்சுண்டிருக்காரே, அவர் உங்க பிள்ளையோ? எப்ப வாசிப்பார்?" அதைத்தானய்யா நானும் கேட்கிறேன் என்று சொல்ல வாய் வந்தது, "மாதா சித்தம்" என்றாள்.

இப்போது பியானோக்காரர் கோஷியே வாசித்தார், நரைத்த தாடி, மூக்குக் கண்ணாடி மூக்கிலிருந்து எப்போது விழுமோ என்றிருந்தது, முதுகை வளைத்துக்கொண்டு ஏதோ காதில் ரகசியம் கேட்கிற மாதிரி அந்தப் பெட்டிமேல் கவிழ்ந்து கிடந்தார். இந்த மனுஷர் கையில்தான் எல்லாம். முகம் நல்ல முகமாகத்தான் இருக்கிறது. அல்போன்சிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாராம், உனக்கு ஒரு சுற்று, அதற்குமேல் எதிர்பார்க்காதே என்று. ஒரு சுற்றில் என்ன தெரியும், பெண் பார்க்க வந்தால்கூட ஒரு பாட்டு முழுசாகப் பாடச் சொல்வார்களே. சரி, செபத்தை விடக் கூடாது, அருள் நிறைந்த மரியே வாழ்க, கர்த்தர் உம்முடனே, எத்தனையாவது மணி, ஏழு, அருள் நிறைந்த மரியே வாழ்க, இதென்ன இது, அருள் நிறைந்த, டுச் டுச்சிக்கு, மரியே வாழ்க, டுச் டுச்சிக்கு. திடுக்கிட்டு நிறுத்தினாள். அந்த டிரம்ஸ்காரன், சுண்ணாம்பு அடிக்கிற பிரஷ் மாதிரி ரெண்டை வைத்துக்கொண்டு அரிசி களைகிற சத்தம் எழுப்பிக்கொண்டிருக்கிறானே, அவன்தான், அவள் மந்திரத்துக்குள் புகுந்துவிட்டான். மறுபடி முதலிலிருந்து, நிதானமாக, தாழ்ந்த குரலில், அருள், நிறைந்த, ஆனால் நாக்கு கேட்கவில்லை, ஒரு முடி தள்ளியே விழுந்தது, மரியே என்பது கொஞ்சம் இடுப்பை ஆட்டிக்கொண்டு வந்தது. என் தாயே, மன்னிச்சிரு, நான் வேணுமின்னு செய்யலை, இங்கே எல்லாம் இப்படித்தான் விழுகிறது. மாதா சிரிப்பாளா கோபிப்பாளா, ஒரு கல்யாண வீட்டில் திராட்சை ரசம் தீர்ந்துபோனதற்கு மகனிடம் போய் நின்றவள்தானே, பாட்டு ஆட்டம் நடக்கிற இடம் அவளுக்கும் தெரியாததா. அது சரி, மாதாவைச் சமாளித்துவிடலாம், அந்தோனியாரை என்ன செய்வது. அங்கேதான் சிக்கல். போன செவ்வாய்க்கிழமை அவர் சுரூபம் இருக்கிற கெபியில் ஆள் உயர மெழுகுதிரி நேர்ந்து, என் பிள்ளை வீடு வந்து சேரட்டும் என்று கேட்டுவிட்டு வந்திருக்கிறாள். தோற்கட்டும் என்று கேட்கவில்லை, சத்தியமாகக் கேட்கவில்லை, ஆனால் அந்தோனியார் விவரமானவர், வீடு வந்து சேர வேண்டுமானால் இங்கே என்ன நடக்க வேண்டும் என்று அவருக்குத் தெரியாதா, இந்நேரம் வேலையை ஆரம்பித்திருப்பார். அதனால்தான் குழாய் இன்னும் மடியில் கிடக்கிறதோ. ரயில் டிக்கெட் என்றால் கவுண்டரில் கொண்டுபோய் வேண்டாம் என்று கொடுக்கலாம், வேண்டுதலை எங்கே கொண்டுபோய்த் திருப்பிக் கொடுப்பது. முதலில் எனக்கு வேண்டாமா? வேண்டாம் என்று நான் எப்போது சொன்னேன்? ஜன்னல் பக்கத்து நாற்காலி, சூடான சோறு, சாளைக் குழம்பு, எல்லாம் வேண்டும்தானே. வேண்டும். ஆனால் அவன் உட்கார்ந்திருக்கிற உட்காரலைப் பார்த்தால்.

உதட்டில் என்னவோ வைத்திருக்கிறான். அவளுக்குத் தெரியும், அது ரீடு, பிரம்புச் சீவல், குழாயின் வாயில் வைத்துக் கட்டுகிறது, வாசிப்பதற்கு முன்னால் எச்சிலில் ஊறப் போட வேண்டும், இல்லாவிட்டால் கீச்சென்று கத்தும். தூரத்திலிருந்து பார்க்கக் காய்ச்சல் பார்க்கக் கொடுத்த குழல் மாதிரி இருந்தது, ரெண்டாம் வகுப்பில் அம்மை போட்டபோது இப்படித்தான் வாயில் வைத்துக்கொண்டு கண்ணை உருட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பான். இந்தக் குளிரில் ரீடு காயுமே. காய்ந்தால் கீச். கோயில் பேண்டில் சேர்ந்த வருசம், சப்பரம் கிளம்புகிற நேரம், ஊரே மூச்சடக்கி நிற்கையில் இவன் குழாய் ஒரு கீச் போட்டது, ஆயர் வாயை மூடிக்கொண்டு இருமினார், அதற்கப்புறம் ஒரு வருசம் சந்தையில் மீன்காரிகூட, "கீச்சான் அம்மா, விளைமீன் எடுத்துக்கிடுதியளா" என்றுதான் கூப்பிட்டாள். இன்று இங்கே கீச்சென்றால் என்ன, நல்லதுதானே, கோஷி கையை உதறிவிடுவார், நாளைக்கே ரெண்டு பேராக ரயிலேறலாம். அமலோற்பவம் அதை நினைத்துப் பார்த்தாள், கீச்சென்று கேட்பது, அந்தக் குடுமிப் பையன் திரும்பிப் பார்ப்பது, இவன் குழாயைத் துண்டு துண்டாகக் கழற்றிப் பெட்டிக்குள் அடுக்குவது, பிறகு ஜன்னல் பக்கம் உட்கார்ந்து ஐஸ் எத்தனை கட்டி போயிற்று என்று எழுதுவது, மத்தியானம் வந்து சோற்றைப் பிசைந்துகொண்டே, போதுமா என்று பார்ப்பது. உடம்பெல்லாம் கூசியது. வேண்டாம். அந்தோனியாரே, நில்லும், கொஞ்சம் நில்லும், கையில் எடுத்த வேலையை அப்படியே வையும், மெழுகுதிரி உமக்குத்தான், அதில் மாற்றமில்லை. வேறு யாரைக் கூப்பிடலாம், பாட்டுக்காரர்களுக்கென்று செசிலியம்மாள் இருக்கிறாள், ஆனால் இத்தனை வருசத்தில் அவளுக்கு ஒரு ஊதுபத்தி கொளுத்தியதில்லை, முதல் தடவை வாசலுக்குப் போகும்போதே கையை நீட்டிக்கொண்டா போவது. தவிர அந்தோனியார் ஒருபக்கம் இழுக்க செசிலியம்மாள் ஒருபக்கம் இழுக்க நடுவில் பிள்ளை கிழிந்துவிடப் போகிறான். "எம்மா, பையை ஏன் அப்படிப் பிசையுத, உள்ள பப்பாளி கிடக்கு" என்றாள் டெல்பின்.

ஆளுயர வயலினைக் கட்டிப்பிடித்து நின்றவன், குடித்துவிட்டு வந்த மச்சானைத் தாங்கிப் பிடித்திருக்கிறவன் போல அதன் நரம்புகளைச் சுண்டிச் சுண்டி முடித்தான், கைதட்டினார்கள், டிரம்ஸ்காரன் தன் சுற்றை உருட்டி முடித்தான், அதற்கும் தட்டினார்கள். கோஷி தலையைத் திருப்பாமல் தாடியை மட்டும் அல்போன்ஸ் பக்கம் அசைத்தார். அல்போன்ஸ் எழுந்தான். சட்டைக் காலர் ஒருபக்கம் உள்ளே மடங்கியிருக்கிறது, காலையிலேயே சொல்ல நினைத்தேன். எல்லாரும் சத்தத்தைக் குறைத்துக்கொண்டார்கள். முதலில் வெறும் மூச்சுத்தான் வந்தது. அப்புறம் அடியிலிருந்து, மேடையிலிருந்துகூட இல்லை, தரைக்குக் கீழேயிருந்து, ஒரு சத்தம், மரத்துக்குள் ஆள் இருந்து பேசுகிற மாதிரி, மெதுவாக, இழுத்து. குடுமிப் பையன் ஊதின அதே பாட்டுத்தான், ஆனால் அவன் ஊதினபோது சாலை மாதிரி இருந்தது, இவன் ஊதும்போது வீட்டுக்குள் மாதிரி இருந்தது. அமலோற்பவத்துக்கு அரங்கம் போய்விட்டது. ஊரில் தெரு முனையில் இப்படித்தான் கேட்கும், டிரம் சத்தத்துக்கு முன்னால் கிளாரினெட் வந்துவிடும், யாரையோ பெட்டியில் வைத்துக் கல்லறைக்குக் கொண்டுபோகிறார்கள் என்று அர்த்தம், அடுப்பில் என்ன கிடந்தாலும், பாதி வெட்டிய மீன் கையில் இருந்தாலும், வாசலுக்கு வந்து நிற்க வேண்டும், யார் எவர் என்று பார்க்கிறதில்லை, பெட்டி தெரு திரும்புகிற வரைக்கும் நிற்க வேண்டும். அவுகளை, இவன் அப்பாவைக் கொண்டுபோன அன்றைக்கும் இவன்தான் பெட்டிக்கு முன்னால் நடந்து வாசித்தான், கண்ணில் ஒரு சொட்டு இல்லை, குழாய்தான் அத்தனையும் அழுதது. இந்த ஜாஸ் பிறந்த ஊரிலும் சாவுக்கு பேண்டு வைத்துத்தான் கொண்டுபோவார்களாம், போகும்போது இப்படி இழுத்து வாசித்து, திரும்பும்போது ஆட்டமாம், அல்போன்ஸ் சொன்னபோது, "வேதக்காரங்களா?" என்று கேட்டாள், "நிறையப் பேரும்மா" என்றான். அப்படியானால் அங்கேயும் ஒருத்தி வாசலுக்கு வந்து நின்றிருப்பாள், ஈரக் கையைச் சேலையில், இல்லை, சேலை ஏது, பாவாடையில் துடைத்துக்கொண்டு, நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு. பிதா, சுதன், என்று அவள் கையும் போனது. அப்போதுதான் முதுகுக்குப் பின்னால் டபக் என்று ஒரு சத்தம் கேட்டது. இன்னொரு டபக். மடக்கு நாற்காலிகளின் இருக்கைகள் தானாக மேலே மடங்குகிற சத்தம். ஏன் மடங்குகின்றன, யாராவது எழுந்தால்தானே மடங்கும், என்று குனிந்து பார்த்தவளுக்குத் தன் நாற்காலியும் மடங்கியிருப்பது தெரிந்தது. நின்றுகொண்டிருந்தாள். பக்கத்தில் நரசிம்மன் சால்வையைத் தோளில் போட்டுக்கொண்டு விறைப்பாக நின்றார், வாசிக்கிறவனின் தாயாரே நின்றுவிட்டபோது இதுதான் இந்த வாத்தியத்துக்கு மரியாதை போலிருக்கிறது என்கிற பக்தி அவர் முகத்தில். அவர் நின்றதால் மறைக்கிறது என்று பின்வரிசை எழுந்தது, பின்வரிசை எழுந்ததால் அதற்குப் பின்வரிசை. முன்னால் மாலை போட்டு உட்கார வைத்திருந்த விசேஷ விருந்தாளி திரும்பிப் பார்த்து, தனக்கு மட்டும் தெரியாமல் போய்விட்டதே என்று அவசரமாக எழுந்து, வேட்டி நுனியை மிதித்துத் தடுமாறி நின்றார்.

"எம்மா! உக்காரும்மா! எல்லாரும் உன்னால நிக்காங்க!" டெல்பின் சேலையைப் பிடித்து இழுத்தாள், அப்புறம் தான் ஒருத்தி மட்டும் உட்கார்ந்திருப்பது தெரிந்து அவளும் எழுந்து முகத்தைக் கையால் மறைத்துக்கொண்டாள். அமலோற்பவத்துக்குக் காது சுட்டது. உட்கார்ந்துவிடலாம், முழங்காலும் அதைத்தான் சொல்லுகிறது, ரெண்டு முழங்காலும் ரயிலிலேயே வீங்கிவிட்டன. உட்கார்ந்தால் நரசிம்மன் உட்காருவார், அவர் உட்கார்ந்தால் எல்லாரும் டபக் டபக்கென்று உட்காருவார்கள், வாசிப்பு நடுவில் ஒரு அரங்கமே உட்கார்ந்தால் அதற்கு என்ன அர்த்தம், போதும் என்று அர்த்தம். கோஷி கண்ணாடிக்கு மேலாகக் கூட்டத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். அங்கே நாற்காலி, ஜன்னல், கடல் காற்று, சோறு. எல்லாம் இப்போது தன் முழங்காலில் இருக்கிறது என்று அவளுக்குத் தெரிந்தது, அந்தோனியாரிடமும் இல்லை, செசிலியம்மாளிடமும் இல்லை, சும்மா மடக்கினால் போதும். அல்போன்ஸ் கண்ணை மூடியபடியே வாசித்துக்கொண்டிருந்தான், அவனுக்கு எதுவும் தெரியாது, உலகமே எழுந்து நிற்பது தெரியாது, காலர் மடங்கியிருப்பது தெரியாது. அடிச்சத்தத்திலிருந்து குழாய் மெல்ல மேலே ஏறியது, படிக்கட்டு ஏறுகிறவள் ஒவ்வொரு படியிலும் நின்று மூச்சு வாங்கிக்கொண்டு வீட்டுக் கவலையை முணுமுணுக்கிற மாதிரி. ஏறி முடிந்து ஒரு சுற்று தீரும் இடம் வந்தது, அவளுக்கே தெரிந்தது, இத்தனை பேர் முறையைக் கேட்டுக் கேட்டு அது எங்கே தீரும் என்று இப்போது அவளுக்குத் தெரியும். கோஷியின் வலது கை பியானோவைவிட்டு எழுந்தது. அமலோற்பவம் முன்சீட்டின் முதுகைப் பிடித்துக்கொண்டாள். ஆள்காட்டி விரல் மட்டும் உயர்ந்து நின்றது, இன்னொன்று என்று. குடுமிப் பையன் வாயருகே கொண்டுபோன சாக்ஸபோனை இறக்கி, தோளில் தொங்கவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு, அவனும் நின்று கேட்கத் தொடங்கினான்.

"ஏம்மா" என்று நரசிம்மன் அவள் பக்கம் சாய்ந்து, கோயிலில் வழிமுறை கேட்கிற பணிவோடு கிசுகிசுத்தார், "நாம எப்ப உக்காரணும்?"

யோசிக்காமல் வாயில் வந்தது. "தெரு திரும்புனதும்."

அவர் கண்ணைச் சுருக்கி அதை வாங்கிக்கொண்டார், சரிதான் என்று தலையாட்டினார், அந்தப் பக்கம் நின்ற அம்மாளிடம் திரும்பி, "தெரு திரும்பினப்புறம் உக்காரலாமாம்" என்று சொன்னார், அந்த அம்மாளும் பெரிதாகத் தலையாட்டி அடுத்தவருக்குச் சொன்னாள், சொல் வரிசையோடு நகர்ந்து போவது அமலோற்பவத்துக்கு அரைக்கண்ணில் தெரிந்தது. ரெண்டாவது சுற்றும் ஏறி, தீருகிற இடத்துக்கு வந்தது. கோஷி இப்போது கூட்டத்தைப் பார்க்கவில்லை, அல்போன்சைத்தான் பார்த்தார், தாடிக்குள் பல் தெரிந்தது. விரல் மறுபடி உயர்ந்தது.

"திரும்பிடுத்தா?" என்றார் நரசிம்மன், அவருக்கும் முழங்கால் இருக்கும்போல.

"இன்னும் இல்லய்யா" என்றாள் அவள், பாரத்தை மறுகாலுக்கு மாற்றி ஊன்றிக்கொண்டு.